எந்த மெழுகு என்று கேட்டிருந்தாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பியும் மருமகளும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே எல்லா வகையிலும் நன்றாக இருக்க வேண்டும். உடம்பளவில் என்று ஏன் போட்டேன் என்பது கீழே வரும், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது, மீதிப் பாதிக்கு டாக்டர் நடக்கச் சொன்னார், வீட்டுக்குள் நடப்பதெல்லாம் என்ன கணக்கு என்று அவரிடமே சண்டைக்குப் போனாள். மாடிக் குழாய் ஒழுகுவது நின்றது. மருமகளுக்கு இது எட்டாவது மாதம், கால் கொஞ்சம் வீங்குகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னார், ஆனால் இனிமேல் ஸ்கூட்டரில் உட்காரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீ அம்மாவிடம் சொல்லி அனுப்பிய குழந்தைத் துணிகள் வந்து சேர்ந்தன, எல்லாம் பெரிய அளவு, எப்படியும் வளரத்தானே போகிறது என்று அம்மா பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாள்.

போன வாரம் நீ போனில் ஒன்று கேட்டாய். வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள மங்கலா தெரியுதுப்பா, கடைக்குப் போனா ஒரு அலமாரி முழுக்க பாட்டில், க்ளீனருங்கறான், பாலிஷுங்கறான், மெழுகுங்கறான், எதை எடுக்கறதுன்னே தெரியல, முப்பது வருஷம் பாலிஷ் போட்ட கை உங்களுது, நீங்களே சொல்லுங்க என்றாய். விசாரித்துக் கடிதத்தில் எழுதுகிறேன் என்றேன், இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரித்தாய். போனில் சொல்ல வந்தால் நீ பாதியிலேயே பரவாயில்லப்பா என்று சொல்லிவிடுவாய், அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாக வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒருவர் இருக்கிறார், எல்லோரும் அவரைச் சாம்பிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள், எந்த வண்டி வந்தாலும் யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் உள்ளங்கை அளவு சாம்பிள் பார்க்காமல் முழு வண்டியில் கை வைக்கமாட்டார். நீ இங்கே விட்டுப்போன பழைய நீலக் காரை ஓட்டிக்கொண்டு அவரிடம்தான் போனேன். உன் புது வண்டியைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள். ஒரு வருஷம் ஆகாத பெயின்ட் மங்காது, மேலே ஒட்டியிருக்கிற அழுக்குதான் மங்கலாகத் தெரியும் என்கிறார். வெயிலில் வேண்டாம், நிழலில் நிறுத்தி, காருக்கென்று விற்கிற ஷாம்பூ போட்டுக் கழுவு. பாத்திரம் கழுவுகிற சோப்பு வேண்டாம், அது ஏற்கெனவே இருக்கிற மெழுகையும் எடுத்துவிடும், ஆனால் அதைத் தவிர வேறு கெடுதல் செய்யாது, இந்தக் கடைசி வரியை மனதில் வை. காய்ந்தபின் கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு விரல் நுனியால் பானட்டைத் தடவிப் பார், வழவழவென்று இருந்தால் க்ளீனரே தேவையில்லை, நேராக மெழுகுக்குப் போய்விடலாம். சொரசொரவென்று இருந்தால் மட்டும் க்ளீனர். அதிலும் இரண்டு வகை உண்டாம், ஒன்று அழுக்கைக் கரைத்து எடுப்பது, இன்னொன்று பொடி கலந்து மேல்தோலையே சீவி எடுப்பது. பாட்டிலின் பின்பக்கம் கீறல் நீக்கும் என்று எழுதியிருந்தால் அது சீவுகிற வகை, அந்தப் பக்கமே போகாதே. மெழுகில் டப்பாவில் கெட்டியாக வருவது நல்ல பளபளப்பு கொடுக்கும், ஆனால் சீக்கிரம் போய்விடும், உன் தோள்பட்டையும் போய்விடும். பாட்டிலில் வருகிற செயற்கை மெழுகு பளபளப்பில் ஒரு மாற்று குறைந்தாலும் மாதக்கணக்கில் நிற்குமாம், நீ இருக்கிற குளிருக்கும் ஈரத்துக்கும் அதுதான் சரி. கொஞ்சமாக எடுத்து மெல்லிசாகப் பூசு, வெள்ளையாக மங்கி வரும்வரை பொறு, விரலால் ஒரு கோடு இழுத்தால் சுத்தமாக வரவேண்டும், அப்போது துடை. தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி எடுக்காதே, ஒரு மணல் போதும் கீறிவிடுவதற்கு. எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு மூலையில் சாம்பிள் பார்.

உனக்கு இவ்வளவு பொறுமையாகச் சொல்கிறவன் என்ன செய்தேன் என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு முன் மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று சொன்ன அன்று, வண்டியைத் தம்பி பெயருக்கே மாற்றிவிடுங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் அலைய வேண்டாம் என்று நீ சொன்னாய் அல்லவா. எனக்குத் தலைகால் புரியவில்லை. கொடுக்கிற பொருளைப் புதுசுபோல ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்று கை அரித்தது. அம்மா அந்த வாரம் உன் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள், தடுக்க ஆளில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸை எப்படித் தேய்ப்போம் என்று உனக்குத் தெரியும், முதலில் முரட்டுப் பொடி, அப்புறம் நைஸ் பொடி, கடைசியில் கம்பளிச் சக்கரம். முரட்டில் ஆரம்பிக்காவிட்டால் கடைசியில் மினுமினுப்பு வராது, அது எனக்குக் கையில் ஊறிப்போனது. அதனால் கடையில் இருப்பதிலேயே முரடான, பெயின்டைத் தேய்க்கிற காம்பவுண்டைக் கேட்டு வாங்கினேன். சார், இது அடிபட்ட பழைய பெயின்டுக்குப் போடறது, உங்க வண்டிக்கு ஜாஸ்தி என்று கடைக்காரர் சொன்னார். பாலிஷைப் பற்றி எனக்கே பாடமா என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். டிரில்லிங் மெஷினில் என் பழைய கம்பளிச் சக்கரத்தை மாட்டி, பானட்டை ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேய்த்தேன். கண்ணாடியை எவ்வளவு தேய்த்தாலும் அடியிலும் கண்ணாடிதான் இருக்கும். வண்டியில் அப்படி இல்லை, நிறத்துக்கு மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு இருக்கிறது, ஒரு தாளின் பாதிக் கனம்கூட வராதாம், அதுதான் வெயிலையும் மழையையும் தாங்குகிறது. அது எனக்குத் தெரியாது. ஆனால் இன்னொன்று தெரியும். நடுவில் மெஷினை நிறுத்திப் பார்த்தபோது வெள்ளைக் கம்பளியில் நீலம் ஏறியிருந்தது. வண்டியின் நிறமே கையோடு வந்துவிட்டது என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்தது, அழுக்காக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலே இரண்டு தரம் மெழுகு பூசினேன், முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. அம்மா வருவதற்குள் சக்கரத்தைப் பின்பக்கக் குழாயில் நீலம் போகக் கழுவி வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் வெயிலில் நின்றதும் பானட்டில் திட்டுத்திட்டாக வெளுத்து, ஓரத்தில் தோல் உரிய ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் நீ வீடியோவில் வண்டியைக் காட்டச் சொன்னாய், பார்த்ததும் யாருப்பா இப்படிப் பண்ணது என்று கத்தினாய். உன் தம்பி அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவியிருந்தான், ஷாம்பூ தீர்ந்துபோய்ப் பாத்திர சோப்பைப் போட்டிருந்தான். தம்பி பாத்திரம் கழுவற சோப்பு போட்டுக் கழுவினாம்மா என்று வாய் கூசாமல் சொன்னேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. போனை அவனிடம் கொடுக்கச் சொன்னாய். ஒரு பொருளோட அருமை தெரியாதவன்கிட்ட வண்டிய எப்படிடா கொடுக்கறது, நாளைக்குக் குழந்தையையும் இப்படித்தான் பாத்துப்பியா என்று கேட்டாய். சரிக்கா என்றான், அவ்வளவுதான், போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான். நான் பேப்பரைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதோடு ஐந்து மாதம் ஆகிறது, நீ அவனோடு பேசவில்லை, அவனும் உன்னோடு பேசவில்லை, வண்டியை அவன் பெயருக்கு மாற்றுகிற பேச்சையும் நீ எடுக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன், தள்ளத் தள்ளச் சொல்வது கஷ்டமாகிவிட்டது.

உன் கேள்விக்குப் பதில் சொல்லி முடித்ததும் சாம்பிள் அந்த நீல பானட்டைத் தடவிப் பார்த்தார். இது சோப்பு வேலை இல்லைங்க, மெஷின் வெச்சு அடிவரைக்கும் தேய்ச்சிருக்கு, இதைத்தான் உங்க பையன்கிட்டயும் அன்னிக்கே சொன்னேன் என்றார். எந்தப் பையன் என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். நீ திட்டிய மறுநாளே அவன் வண்டியை அங்கே கொண்டுபோய், சோப்பு போட்டால் இப்படி ஆகுமா என்று கேட்டிருக்கிறான். இவர் காரணத்தைச் சொன்னதும், அப்பா வந்தா சொல்லாதீங்க, ஒடிஞ்சு போயிடுவாரு என்றானாம். நான்தான் வாய் தவறிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க பெரியவரே என்று சாம்பிள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டில் டிரில்லிங் மெஷினைத் தொடுகிற ஆள் நான் ஒருவன்தான், அது அவனுக்குத் தெரியாதா. ஐந்து மாதமாக எல்லாம் தெரிந்துகொண்டே என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான், மாத்திரை போட்டீங்களாப்பா என்று தினமும் கேட்டிருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாளாக அவள் எனக்குத் தட்டு வைக்கிற சத்தத்தில்தான் பேச்சு. உன் தம்பி அப்போது தொட்டில் கட்டிலை முடுக்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் தேய்த்தேன் என்றேன். தெரியும்ப்பா, உங்க கை வேலைய யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்ல, நான் போய்க் குறை சொல்லவா என்றான். அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்டா என்றதற்கு, வேணாம்ப்பா, அவ உங்க மேல கோவப்படுவா, என் மேலன்னா பழகிடுச்சு என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டி போனா போகுதுப்பா, கடைசியா ஒண்ணு சொன்னா பாருங்க, அதுதான் என்று ஆரம்பித்து, முடிக்காமல், அந்தப் பலகையைக் கொஞ்சம் பிடிங்க என்றான். பிடித்துக்கொண்டேன். நான் சரியாகப் பிடிக்காததால் இரண்டு தரம் ஸ்க்ரூ வழுக்கியது.

நீ கோபப்பட்டது நியாயம்தான் கண்ணு, ஆளைத்தான் நான் மாற்றிக் காட்டிவிட்டேன். உன் முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி, சாவியைக்கூட யாரிடமும் தராமல் நீயே வைத்திருந்தது, அதைக் கெடுத்தேன். பானட்டுக்குப் புதுப் பெயின்ட் அடிக்க சாம்பிளிடம் விட்டிருக்கிறேன், நிறம் பக்கத்துக் கதவோடு சரியாகச் சேர ஒரு வாரம் ஆகும் என்கிறார். வண்டியைத் தம்பிக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், அதைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. குழந்தையையும் இப்படித்தான் பார்த்துக்கொள்வாயா என்று சொன்னாயே, அது எனக்கு வர வேண்டிய சொல், அவனிடமிருந்து அதை எடுத்துவிடு. நேற்று மருமகள் ஒன்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் அப்பா ஆகப் போகிறவர்களுக்கெல்லாம் ஒரு வகுப்பு வைத்து, ரப்பர் பொம்மையைக் கொடுத்துக் குழந்தையை எப்படித் தூக்குவது என்று காட்டினார்களாம். எல்லோரும் சிரித்துக்கொண்டே வாங்கித் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். இவன் மட்டும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, நான் பாத்தே தெரிஞ்சுக்கறேன் சிஸ்டர், நீங்களே வெச்சுக்கோங்க என்று நின்றானாம்.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் எனக்குப் போன் செய்யாதே, என்னைத் திட்டுவதற்கு நாள் இருக்கிறது. அவனுக்குச் செய். அவன் மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட வருவான், அப்போது செய்தால் எடுப்பான், ஒன்றுமில்லைக்கா என்று வைக்கப் பார்ப்பான், வைக்க விடாதே. நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் பல காலம் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, குட்டிக்கும் மூடிவிடு. கீறல் நீக்கும் பாட்டிலை எத்தனை மலிவாகப் போட்டாலும் வாங்காதே.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும்
அப்பா