எழுதாமல் விட்ட எட்டு வரி

இன்று காலை நம் கணினி சென்டரின் பழைய லினக்ஸ் பெட்டியைத் தூசு தட்டத் திறந்தேன். மூடியின் உட்புறத்தில் நீ ஒட்டிவைத்திருந்த துண்டுக் காகிதம் கையில் பட்டது. உள்ளே இருக்கும் இரண்டு நெட்வொர்க் கார்டுகளின் எண்கள், கார்டுக்குப் பன்னிரண்டு எழுத்தாக, உன் சாய்ந்த கையெழுத்தில். ஒன்றுக்கு எதிரே ‘வெளி’, மற்றதற்கு எதிரே ‘உள்’. இத்தனை நாளும் அது என் காலடியில்தான் இருந்திருக்கிறது. எனக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டுத்தான் நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய். ஒரு மூடியைக் கழற்றிப் பார்க்க எனக்கு உடம்பு வளையவில்லை.

கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து அறையைத் தோட்டத்தில் கேட்டு வாங்கி நாம் சென்டர் தொடங்கியபோது நம்மிடம் இருந்தது ஹட்டனில் சேர்ந்து படித்த டிப்ளோமாவும் யாரோ கழித்துப்போட்ட ஆறு கணினிகளும்தான். அவற்றுக்கு இணையத்தைப் பங்கிட்டுக் கொடுக்க இந்தப் பெட்டி. ஒரு கார்டில் வெளியிலிருந்து வரும் லைன், மற்றதில் நம் கணினிகள். புது லினக்ஸ் இரண்டுக்கும் வாயில் நுழையாத நீளப் பெயர்களை வைத்தது. நான்தான் பிடிவாதம் பிடித்து அதை நிறுத்தி, ஈத் சீரோ, ஈத் வன் என்று பழைய பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்தேன். நம் டிப்ளோமா நோட்டில் அப்படித்தான் இருந்தது. நோட்டில் இருப்பதை மாற்ற எனக்கு எப்போதுமே பயம்.

அதைக் கவனித்த அன்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். பெட்டி எழும்பும்போது எந்தக் கார்டு முதலில் கண்ணில் படுகிறதோ அதற்குத்தான் அந்தப் பழைய பெயர் போகும், என்றாவது ஒருநாள் இரண்டும் இடம் மாறி, வெளி லைன் எதுவென்று பெட்டிக்குத் தெரியாமல் இணையம் நின்றுவிடும் என்றாய். இரண்டு மாதமாக மாறவில்லையே என்று நான் சிரித்தேன்.

“பெரட்டுக்கு மொதல்ல வந்து நிக்கிறவளுக்கெல்லாம் ராமாயின்னு பேரு போடுவாங்களாடி?” என்று கேட்டாய்.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை ஆளைப் பார்த்துத்தான் பேர் போடுவார், வந்து நின்ற வரிசையைப் பார்த்து அல்ல. அதுபோலக் கார்டின் சொந்த எண்ணோடு பெயரைக் கட்டிவிட வேண்டும், அதுவும் ஈத் என்று தொடங்காத புதுப் பெயராக இருக்கட்டும், இல்லையென்றால் ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்ளும் என்றாய். அதைப் பெட்டியில் எழுதிவைக்கக் கார்டுக்கு நாலு வரி, மொத்தம் எட்டு வரி. செய்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அடுத்த வாரமே உன்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்தும் போனில் அதைத்தான் கேட்டாய். உன் நச்சரிப்பு தாங்காமல், போட்டுவிட்டேன் என்று சொன்னேன். போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. முழங்கால் வலியோடு அவர் கண்டிக்கு வர முடியாது. நம் பள்ளத்தில் போன் சிக்னல் எடுக்காது; மேலே கோயிலடிக்கு ஏறினால்தான் உண்டு. அதனால் மூன்று மணிக்குச் சென்டர் கணினியில் பார்த்துப் பேசுவது என்று முடிவானது. தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டி, தலைசீவிப் பொட்டு வைத்து, இரண்டு மணிக்கே அம்மா வந்து கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய் வந்தது. பெட்டி தானாக எழும்பியது, எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது, இணையம் மட்டும் இல்லை.

பெயர்கள் இடம் மாறிவிட்டன என்று எனக்குத் தோன்றவே இல்லை. கம்பியில்தான் கோளாறு என்று நினைத்து, மேசைக்கு அடியில் ஊர்ந்து இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிச் செருகினேன். அத்தோடு கையை எடுத்திருந்தால் சரியாகியிருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியை நிறுத்தித் திரும்ப எழுப்பினேன். பெயர்கள் மறுபடி மாறிக்கொண்டன. மணி மூன்றரை. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடைகூட எடுக்காமல் கோயிலடிக்கு ஓடினேன்.

நீ போனை எடுத்து, நடந்ததை நான் சொன்னதும் கேட்டது ஒன்றுதான். “பேரு மாறிருச்சாடி?”

அங்கே உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். கம்பியை மாற்று, பெட்டியைத் தொடாதே என்று நீ அந்த மூச்சிரைப்போடும் சொல்லியிருப்பாய். நாலு மணிக்குள் அம்மாவைப் பார்த்திருப்பாய்.

“அதத்தான் அன்னைக்கே போட்டுட்டேனே. மழைக்கு லைன் போயிருச்சு” என்றேன்.

மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய்: “சரி விடு, நாளைக்குப் பாப்போம். அம்மாவ நனையாம கூட்டிட்டுப் போ.”

மறுநாள் விடிவதற்குள் செய்தி வந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து சென்டரைத் திறந்த முதல் நாள் அந்த எட்டு வரியை எழுதினேன். உன் காகிதம் இருப்பது தெரியாமல், எண்களைத் திரையில் பார்த்தே எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கரண்ட் போய் வந்துவிட்டது. ஒருமுறைகூட எதுவும் மாறவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

உன் அம்மா இப்போதும் வருவார். பிள்ளைக் காம்பராவில் உன் அண்ணனின் பிள்ளையை விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு மழையால் லைன் போனது என்றுதான் அவர் இன்றுவரை நம்புகிறார். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் வாயெடுத்தேன். படிக்க வருகிறவர்களிடம் அவரே முந்திக்கொண்டு என்னைக் காட்டிச் சொல்வார்: “எம் மகளுக்காக அந்த மழையில மலையேறி ஓடுன புள்ள இது.” சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்வார்.

நான் கையை இழுத்துக்கொள்வதில்லை.