பச்சையம்மாள் வழக்கில் நீ சொல்லாதது

மூங்கில் மண்டபத்துப் பக்கம் உன் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்தேன். பசை இன்னும் காயவில்லை. உன் படத்துக்குக் கீழே ‘உண்மையே மூச்சாக வாழ்ந்தவர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இதை யார் எழுதிக் கொடுத்தது என்று ஒட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன். “எல்லாருக்கும் இதான் சார் போடுவோம்” என்றான். வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அறுபதுகளின் கடைசி அது. நீ பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர். நான் அரசு வக்கீலிடம் ஜூனியர். பள்ளிக்கூடத்தில் எனக்காகப் பொய் சொல்லிக் கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கியவன் நீ. நாம் இருவரும் ஒரே வழக்கில் ஒரே பக்கம் நிற்கப்போகிறோம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பச்சையம்மாளின் வழக்கு. தென்னேரியில் நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போகிறவள், புருஷனை இழந்தவள். யாருக்கும் தெரியாமல் பிள்ளை பெற்றாள். பிள்ளை அழவில்லை, அசையவில்லை, பயந்துபோய்த் துணியில் சுற்றி ஏரிக்கரைப் புதரில் வைத்துவிட்டேன் என்றாள். மூன்று நாள் வெயிலில் கிடந்த பிறகு மாடு மேய்ப்பவர்கள் கண்ணில் பட்டது. பிறப்பை மறைத்ததும் குற்றம்தான், ஆனால் அதற்குத் தண்டனை சிறியது. உயிரோடு பிறந்ததைக் கொன்றாள் என்றால் கொலை. இரண்டுக்கும் நடுவே நின்றது ஒரே கேள்வி: குழந்தை மூச்சு விட்டதா? அதற்குப் பதில் சொல்லும் தகுதி உனக்கு மட்டும்தான் இருந்தது. நுரையீரலைத் தண்ணீரில் போட்டேன், மிதந்தது, மூச்சுக் காற்று உள்ளே போயிருக்கிறது, ஆகவே உயிரோடு பிறந்தது என்று அறிக்கை எழுதினாய்.

நீ சாட்சி சொல்ல வந்த அன்று காலை கோர்ட் வாசல் டீக்கடையில் நின்றோம். மிதந்தால் உறுதிதானா என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

“அழுகிப்போனா உள்ள காத்து கட்டிக்கும்பா. அப்பவும் மிதக்கும். இது மூணு நாள் அழுகினது. நிச்சயமா ஒண்ணும் சொல்ல முடியாது.”

“அப்புறம் ஏண்டா அப்படி எழுதின?”

“இன்ஸ்பெக்டர் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தான். சீக்கிரம் முடிங்க சார்ன்றான். அந்த நாத்தத்துல எவன் யோசிப்பான்? கோர்ட்ல கேட்டா சொல்றேன். கேக்காததைச் சொல்றது சாட்சி வேலை இல்ல.”

உள்ளே யாரும் கேட்கவில்லை. அவளுக்காக அரசாங்கம் அமர்த்திய வக்கீல் எழுந்து, குழந்தை ஆணா பெண்ணா என்று உன்னைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நீ கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூண்டை விட்டு இறங்கினாய். சில நாளில் அவளுக்கு ஆயுள் தண்டனை.

சாட்சி சொன்ன அன்று மத்தியானம் ஹோட்டலில் நீ இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் இலையை அப்படியே மூடிவிட்டேன். அந்த அருவருப்பில் பாதி என்மேலேயே வந்தது. நானும்தான் வாயைத் திறக்கவில்லை.

திறப்பதற்கு ஏழு மாதம் ஆனது எனக்கு. சீனியரை விட்டு விலகி, சென்னையில் அவளுடைய அப்பீலை நடத்திய வக்கீலைத் தேடிப்போய், நீ டீக்கடையில் சொன்னதைச் சொன்னேன். உன்னை மறுபடி விசாரிக்கும்படி மேல் கோர்ட் உத்தரவு போட்டது.

“அழுகிய உடலின் நுரையீரலும் மிதக்குமா?”

“மிதக்கும்.”

“அப்படியானால் இந்தக் குழந்தை உயிரோடு பிறந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?”

“முடியாது.”

அவ்வளவுதான். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம். வெளியே வந்து, “என் மானத்தை வாங்கிட்ட இல்ல?” என்றாய். நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. அவள் சிறைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உனக்கு உன் மானம்.

கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை ஆனாள். மறைத்ததற்கான தண்டனையை ஏற்கெனவே அனுபவித்து முடித்திருந்தாள். வேலூர் சிறை வாசலுக்குப் போயிருந்தேன். அடையாளம் கண்டுகொண்டாள்.

“நீங்க அன்னிக்கு அந்தப் பக்கம் குந்திக்கினு இருந்தவருதானே? அந்த டாக்டரு ஏன் இதை மொதல்லயே சொல்லல?”

“யாரும் அவரைக் கேக்கலைம்மா.”

“நான் கேட்டேனே. அவரு கூண்டுல நிக்கறப்பவே, அழாத புள்ளைக்கு மூச்சு ஏது, அவரையே கேளுங்க சாமின்னு சொன்னேனே. எல்லாரும் சிரிச்சாங்களே.”

நான் அங்கேதான் இருந்தேன். அவள் பேசியது காதில் விழுந்ததாகவே எனக்கு நினைவில்லை. கோர்ட் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. சிரித்தவர்களில் நானும் ஒருவனா என்பதுதான் இத்தனை வருஷமாக என்னிடம் தங்கிவிட்ட கேள்வி. அதைக் கேட்டுத்தான் உனக்குக் கடிதங்கள் எழுதினேன். ஒன்றையும் நீ பிரிக்கவில்லை, எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. அன்று கூண்டில் நின்ற உனக்கு என் முகம் நேர் எதிரே தெரிந்திருக்கும்.