அண்ணன் வீட்டில் பூட்டிக் கிடக்கும் மைக்செட்

ஞாயிறு, நவம்பர் கடைசி

காலையிலிருந்து பனிமூட்டம். துணி ஒன்றும் காயவில்லை. தோட்டத்துப் பிள்ளை மடுவத்துப் போர்வைகளும் அப்படியே, மூத்திர நாற்றம். நாளை தாய்மார் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போவார்கள். எதில் படுக்க வைப்பது?

மாலை டிவியில் வானிலை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், மலைநாட்டில் மிகப் பலத்த மழை, காற்று, மண்சரிவு அபாயம். வாசித்த பெண்ணுக்கு நல்ல சேலை. என் வீட்டுக்காரர் சேனலை மாற்றினார். “போன தடவையும் இதத்தான் சொன்னாங்க. வெயிலு அடிச்சிச்சு.”

பொய்யில்லை. போன தடவை எல்லோரும் பாடசாலையில் போய்ப் படுத்தோம். ஒரு சொட்டு இல்லை. திரும்பி வந்தால் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் கோழிகளைக் காணோம். அன்றிலிருந்து வானிலை என்றாலே சிரிப்பு.

வாங்க வேண்டியவை: மெழுகுவர்த்தி, பிஸ்கட், பால்மா. மழைக்கோட்டு ஜிப் தைக்க.

திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. மேட்டு லயத்துக்குப் பின்னால் மண்ணில் வெடிப்பு. நானே பார்த்தேன், என் கை உள்ளே போகிறது. அதற்கு நேர் கீழே அண்ணன் வீடு.

கிராம சேவகர் போன். சிங்களத்தில்தான். மேட்டு லயத்தார் இறங்கத் தயாராக இருக்கட்டும், கோயில் மைக்கில் சொல்லிவிடுங்கள் என்றார். எந்த மைக்? அது அண்ணன் வீட்டில் பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் கோயிலின் பழைய தலைவர், என் வீட்டுக்காரர் புதுத் தலைவர். தேர்த் திருவிழாவில் பரிவட்டத்தை முதலில் இவர் தலையில் கட்டிவிட்டார்களாம். அன்றைக்கே அண்ணன் மைக்செட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். மச்சானும் மச்சானும் பேச்சில்லை.

சாவி கேட்கப் போனேன்.

“ஒம் புருசன வந்து கேக்கச் சொல்லு.”

“அண்ணே, மலை வெடிச்சு நிக்கிதுண்ணே.”

“அவன் வந்து கேக்கட்டும். கேட்டா குடுக்குறேன்.”

கீழே வந்து இவரிடம் சொன்னேன். பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தார். “அவரு வாசல்ல போயி நானு நிக்கணுமா? செத்தாலும் நடக்காது.”

சீ. ஒரு முழத் துணிக்கு இரண்டு கிழவன்கள்! ராத்திரி சாப்பிடவில்லை.

செவ்வாய்

சிவப்பு எச்சரிக்கை. போனில் சிங்களத்தில் வந்தது, தமிழில் வரவே இல்லை. வாசித்துச் சொன்ன என்னைத்தான் எல்லோரும் முறைத்தார்கள், மழையை நான் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி. வேலைக்குப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டு வழமைபோல. தோட்டத்துத் துரை பங்களாவில் இருந்தபடி ஆட்களை மலைக்கு அனுப்பினார். நல்லா இருக்கட்டும்.

மைக் இல்லை, என் தொண்டைதான். மேட்டு லயத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். காற்றில் குடை கிழிந்தது. “கோழிய யாரு பாத்துக்குவா?” என்று ஒருத்தி. “ஒங்க வீட்டுக்காரரு சொல்லித்தானே வாறீங்க?” என்று அண்ணன் கட்சி ஆள். வாயில் வந்ததைத் திட்டிவிட்டேன்.

பின்னேரம் கிராம சேவகரே நனைந்துகொண்டு வந்து “இக்மனட்ட யன்ன, இக்மனட்ட யன்ன” என்று, சீக்கிரம் போகச் சொல்லி விரட்டினார். அப்புறம்தான் அசைந்தார்கள். தொண்டை போய்விட்டது.

புதன்

பாடசாலை மண்டபம். கக்கூஸ் நிரம்பி வழிகிறது. ஈரக் கம்பளி, அழுகை, பீடி. யாரோ என் பால்மா பாக்கெட்டை எடுத்துவிட்டார்கள். கரண்ட் இல்லை.

மதினியும் பெண் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அண்ணன் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். மதினி தலை நிமிரவில்லை. “வீட்டுல ஆளில்லாட்டி ஒம் புருசன் பூட்ட ஒடச்சு மைக்கத் தூக்கிருவானாம். காவலு இருக்காரு.”

இவர் பக்கத்தில்தான் இருந்தார். காதில் விழுந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் ஒரே சாக்கில் கட்டி ஆற்றில் போடலாம் என்று இருந்தது எனக்கு.

பகல் சோறு பிரிக்கும்போது மேலே ஒரு சத்தம். லொறி கல் கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்கவே இல்லை. மதினி கத்தினாள். நிமிர்வதற்குள் இவர் மண்டபத்தில் இல்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடியிருக்கிறார்.

வியாழன்

ஆஸ்பத்திரி. மழை விட்டபாடில்லை.

மேட்டு லயத்தில் பாதி இல்லை. அண்ணன் வீட்டில் ஒரு சுவர்தான் நிற்கிறது. இடுப்பு வரைக்கும் மண்ணுக்குள் கிடந்தாராம். இவரும் இன்னும் நாலு பேரும் தோண்டினார்கள். மண்வெட்டி காலில் பட்டுவிடுமென்று இவர் கையாலேயே மண்ணை வாரினாராம். இரண்டு நகம் இல்லை. ரோடு மூடிக் கிடந்ததால் தார்ப்பாயில் போட்டுத் தூக்கி வந்தார்கள். வழியெல்லாம் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர் இவர்தான்.

அண்ணனுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிவு. பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பத்து மணிபோலக் கண் திறந்தார். “யாரு என்னிய இழுத்தது?”

சொன்னேன். இவர் வார்டு வாசலில்தான் நின்றார், கையில் கட்டோடு, உள்ளே வராமல். அண்ணன் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வாசலில் நின்றவரும் திரும்பி நடந்துவிட்டார்.

தூ! என்ன ஜென்மங்கள்.

என் பக்கம் தெரிந்த அண்ணன் காதுக்குள் இன்னும் சேறு. துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன்.