வெள்ளை டிசையரும் டீச்சரின் வேகன்-ஆரும்

அரியலூர்
23.6.2024

அன்புள்ள மணிமொழி,

நலமா? ஹாஸ்டல் சாம்பார் பழகிவிட்டதா? பிளஸ் ஒன் முதல் பெஞ்சில் உன் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அப்பா பழைய கார் ஒன்று வாங்கப்போகிறார். தம்பி அழகனுக்கு அடிக்கடி திருச்சிக்குப் போய் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறதே, போன முறை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் லால்குடிக்கு முன்பே மயங்கி விழுந்துவிட்டான்.

இரண்டு கார் பார்த்திருக்கிறோம். ஒன்று நம் கமலவேணி டீச்சரின் வேகன்-ஆர். பெட்ரோல், 998 சிசி, இரண்டு பை வைத்தால் டிக்கி மூடாது. மற்றது உங்கள் ஊரில் உன் மாமா விற்கும் வெள்ளை டிசையர். டீசல், 1248 சிசி, மைலேஜ் அதிகம், டிக்கியில் அழகனே படுத்துக்கொள்ளலாம். இரண்டும் 2015 மாடல். எழுதிப் பார்த்தால் எல்லாவற்றிலும் டிசையர்தான் முதல்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. டீச்சர் காரில் கதவு ரப்பர்வரை சிமென்ட் லாரி கிளப்பிய வெள்ளைத் தூசி. உன் மாமா காரில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஒன்பது வருஷக் காருக்கு சீட் கவர், கால் மிதியடி எல்லாம் புதிது. சென்ட் வாசனையில் தலை வலித்தது. கேட்டதற்கு, "புது மாப்பிள்ளை மாதிரி வச்சிருக்கேன் பாப்பா" என்றார். சென்னையிலிருந்து வந்ததாம். எப்போது வந்தது? அங்கே ஏன் விற்றார்கள்? நீ அதில் போயிருக்கிறாயே, எப்படி ஓடுகிறது?

அன்புடன்,
தென்றல்

பெரம்பலூர்
30.6.2024

அன்புள்ள தென்றல்,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். சாம்பார் அப்படியேதான் இருக்கிறது, நான்தான் மாறிவிட்டேன்.

டிசையர் நன்றாக ஓடும். ஐந்து பேர் ஏறினாலும் மேம்பாலத்தில் திணறாது. ஏசி போட்டால் குளிரில் போர்வை கேட்கும். பாட்டுச் சத்தமும் அருமை. அழகனுக்கு இந்தத் தடவை ரத்தம் சீக்கிரம் கிடைத்ததா? அவனிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணிமொழி

அரியலூர்
4.7.2024

மணிமொழி,

மூன்று கேள்வி கேட்டேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் பாட்டுச் சத்தம்வரை பதில் எழுதியிருக்கிறாய். முதல் இரண்டையும் படிக்காததுபோல் தாண்டிவிட்டாய்.

உன்னைப் படிக்கவைப்பது மாமாதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அழகனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நீ. அவனை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி நடுவழியில் நின்றால் என்ன ஆகும்? அப்பாவிடம் என் சந்தேகத்தைச் சொன்னால், "நீ ஏன் போலீஸ் மாதிரி நோண்டுற?" என்கிறார். பதினான்காம் தேதி ஓட்டிப் பார்த்து முடித்துவிடப் போகிறார். உனக்குத் தெரியாதென்றால், தெரியாது என்றாவது எழுது.

தென்றல்

பெரம்பலூர்
9.7.2024

அன்புள்ள தென்றல்,

இந்தத் தடவை நீ 'அன்புடன்' போடவில்லை.

இங்கே வரும் கடிதத்தையும் போகும் கடிதத்தையும் வார்டன் அம்மா படிப்பார். அவர் மாமா வீட்டுக்கு எதிர்வீடு. உன் கடிதத்தை மாமாவிடமும் காட்டினாராம். "ஒன் கூட்டாளி வக்கீலுக்குப் படிக்கிறாளா?" என்று மாமா சிரித்தார். எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?

ஓட்டிப் பார்க்க வரும்போது நீ பின் சீட்டில் உட்கார். பெல்ட் போட்டுக்கொள். பின்னால் உட்காருகிறவர்கள் யாரும் அதைத் தொடுவதே இல்லை. லீவில் நான் போட்டுப் பார்த்தேன். பாதி இழுத்து விட்டுவிடாதே, கடைசிவரை இழு. பாதுகாப்பு முக்கியம். அழகனுக்காகத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
மணிமொழி

அரியலூர்
21.7.2024

அன்புள்ள மணிமொழி,

இது தபாலில் வரவில்லை. கமலவேணி டீச்சர் அங்கே ஒரு கூட்டத்துக்கு வருகிறார். தாவரவியல் நோட்ஸுக்குள் வைத்து உன் கையிலேயே கொடுப்பார். படித்ததும் கிழித்துவிடு.

ஓடும் பஸ்ஸில் கம்பியைக்கூடப் பிடிக்காதவள் நீ. நீ ஏன் பெல்ட்டைப் பற்றி இவ்வளவு எழுதுகிறாய் என்று யோசித்துக்கொண்டேதான் பெரம்பலூர் வந்தேன். பின் சீட்டில் உட்கார்ந்து கடைசிவரை இழுத்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதி முழுவதும் காய்ந்த சேறு. சென்ட்டையும் மீறிச் சாக்கடை நாற்றம். நம் பக்கத்து வெள்ளைத் தூசி இல்லை அது. அப்பா மிதியடியைத் தூக்கினார். அடியில் ஒயர் முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது.

"வெள்ளத்துல முங்குன வண்டிங்களா இது?" என்றார்.

உன் மாமா என்னைப் பார்த்து, "பெல்ட்ட இழுத்துப் பாக்கச் சொல்லி யாரு சொல்லிக் குடுத்தா பாப்பா?" என்றார்.

"லைப்ரரி புக்குல படிச்சேன்."

அப்பா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அது அப்படித்தாங்க. பஜ்ஜி மடிச்ச பேப்பரக்கூட படிச்சு முடிச்சுட்டுத்தான் பஜ்ஜியத் தின்னும்" என்றார்.

உன் மாமா சிரித்தார். ஆனால் நாங்கள் பஸ் ஏறும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

வேகன்-ஆரை வாங்கிவிட்டோம். மேட்டில் மூச்சு வாங்குகிறது. ஏசிக்குப் பதில் ஜன்னல்தான். அழகன் நேற்று என் மடியில் தலை வைத்துத் திருச்சிவரை தூங்கிக்கொண்டே போனான்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே. நானும் எழுதமாட்டேன். யாராவது கேட்டால், நமக்குள் சண்டை என்று சொல்லிவிடு. என் போன கடிதத்தைப் படித்தவர்கள் நம்புவார்கள்.

அதில் நான் போடாமல் விட்டதையும் சேர்த்து,

அன்புடன், அன்புடன்,
தென்றல்