தறி நின்றுபோன வீடு

அன்புள்ள அக்கா மகள் யோகலட்சுமிக்கு,

திருத்தணியிலிருந்து உன் மாமன் முருகவேல் எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். அங்கே மஸ்கட்டில் நீயும் உன் ஆஸ்பத்திரியும் நலமாக இருக்க வேண்டும்.

இப்படித்தான் ஆகும் என்று நான் முதல் நாளே சொன்னேன். யாரிடம் என்று கேட்காதே, டீக்கடையில் சொன்னேன், கடையே கேட்டது. போனில் பேசினால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், எனக்குப் பேச்சு அறுந்துவிடும். அதனால்தான் நாளைக்கு மஸ்கட்டுக்கு விமானம் ஏறும் நம் தெரு ஹேமநாதனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும், சத்தமே ஆகாது, அமைதியான இடம் பாருங்கள் என்றார் டாக்டர். நம் தெருவில் ஏது அமைதி? ஒரு பக்கம் தறிகள், மறுபக்கம் பஸ் ஸ்டாண்டு. முகூர்த்த நாளானால் மலைக்குப் போகிற கல்யாண வேன்களின் ஆரன். நீயும் போனில் அழுதாய். நான் சும்மா இருப்பேனா? கனகம்மாசத்திரம் வரை சல்லடை போட்டுத் தேடினேன். மணவூரில் கிடைத்த வீட்டை, ரயில் ஓடுகிறது என்று தள்ளினேன். கடைசியில் கே.ஜி.கண்டிகையைத் தாண்டி, மாந்தோப்புக்குள் ஒரு ஓட்டு வீடு. அங்கே காக்காகூட யோசித்துத்தான் கத்தும். இந்த மாதிரி இடத்தை மந்திரியாலும் பிடிக்க முடியாது என்று தரகர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆனால் பாவாவுக்கு, அதான் உன் அப்பாவுக்கு, தூக்கம் வரவில்லை. ஆயுசெல்லாம் பவர்லூம் ஓட்டியவர். நூல் அறுந்தால் தறி நிற்கும், தறி நின்றால் ஓடிப்போய் நூலை முடிய வேண்டும். சத்தத்தில் தூங்குவார், சத்தம் நின்றால் விழிப்பார். உன் அம்மா இருந்த நாளில் உன் தொட்டிலையும் தறிக்குப் பக்கத்தில்தான் கட்டியிருந்தோம். கரண்டு போனால்தான் நீ அழுவாய்.

கண்ணை மூடிய மாத்திரத்தில் திடுக்கிட்டு எழுவார். வாய் கோணிக்கொண்டே, "முருகவேலு, தறி நின்னுபோய் கீதுடா. எங்கியோ நூல் அறுந்துட்ச்சி, போய்ப் பாரு" என்பார். "பாவா, இங்க தறியே இல்ல, மாமரந்தான் கீது, படுங்க" என்றேன். "அப்ப மாமரத்த ஓட்றா" என்றார். உன் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

உன் அத்தை கெட்டிக்காரி. வெறும் மிக்சியை ஓட்டிப் பார்த்தாள். அது ஓடும்வரை குழந்தை மாதிரி தூங்கினார். அது நான் சொல்லிக்கொடுத்த யோசனைதான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்டு போய்விட்டது. மிக்சி நின்றது. உன் அத்தையும் அலுப்பில் கண் அசந்திருந்தாள். பாவா எழுந்து நூலைத் தேடிக்கொண்டு வெளியே போயிருக்கிறார். கிணற்றடிக் கல்லில் விழுந்து கிடந்தார். துணி காயப்போடும் கயிறு அறுந்து அவர் கையில் இருந்தது. வராத கையை வைத்துக்கொண்டு முடிச்சுப் போடப் பார்த்திருக்கிறார்.

இடுப்பெலும்பு போய்விட்டது. இந்த உடம்பு ஆபரேஷன் தாங்காது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். தறித்தெரு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். பக்கத்து வீட்டு அரசு தன் தறியை இடைவிடாமல் ஓட்டுகிறான். உன் அப்பா தூங்குகிறார். கஞ்சி இறங்கவில்லை. நீ ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், மற்றதை நான் எழுத வேண்டியதில்லை.

நீ பதறாதே. "யோகா வர வேணாம், அவ வேலையப் பாக்கட்டும்" என்று அவர் தன் வாயால் சொன்னதைத்தான் அவர் விழுந்த சேதி கேட்டு நீ கிளம்பிய அன்றைக்கு உனக்குப் போனில் சொன்னேன். நீயும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாய்.

இதுவரை எழுதி உறையில் போட்டேன். உன் அத்தை வாங்கிப் படித்துவிட்டு, என் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

தரகர் கண்ணில் ஒற்றிக்கொண்டதையெல்லாம் விட்டுத்தள்ளு, அது என் வாய்க்கொழுப்பு. ஆனால் அந்த 'வர வேணாம்', அதை அவர் சொல்லவில்லை அம்மா. விழுந்ததிலிருந்து அவர் பேசவே இல்லை. உன் குரலைக் கேட்டதும் எனக்கு நல்லதாகவே வாயில் வந்துவிட்டது. அரசு சாப்பிடத் தறியை நிறுத்தும்போது மட்டும் கண்ணைத் திறந்து வாசலைப் பார்க்கிறார்.

மலைமேல் இருப்பவன் உனக்கு வழியைத் திறந்துவிடட்டும். படித்ததும் கிளம்பு. நீ வந்து சேரும்வரை தறியை நிறுத்தாதே என்று அரசிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் மாமன்,
முருகவேல்