போனில் தெரிந்த ஒரே சுவர்

அன்புள்ள தங்கத்துக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அத்தை, நான் மூவரும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வெளியே போகாமல், உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். ஞாயிறுதோறும் போனில் முகம் பார்க்கிறோமே, இப்போது என்ன திடீரென்று கடிதம் என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனிலேயே சொல்லிவிடலாம் என்று பல வாரமாக வாயைத் திறக்கிறேன், உன் முகத்தைப் பார்த்ததும் சாப்பிட்டியா என்ற கேள்விதான் வருகிறது. உன் படிப்புக்காலம் முடிந்து நீ கிளம்ப இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. யாரும் கூப்பிட வரவேண்டாம், நானே வண்டி பிடித்து நேராக வீட்டு வாசலில் வந்து இறங்குவேன் என்று போன வாரம் பெருமையாகச் சொன்னாய் பார், அதனால்தான் பேனாவை எடுத்துவிட்டேன். நீ வந்து இறங்கப்போகிற அந்த வீட்டில் நாங்கள் இல்லை, தங்கம். வீடு மாறி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது.

கோபப்படாமல் முழுதும் படி. நீ போய்ச் சேர்ந்த அடுத்த மாதமே வீட்டுக்காரர் வந்து, மகன் குடும்பத்தோடு வருகிறான், வீடு வேண்டும் என்றார். மனிதர் நல்லவர்தான், சொல்வதற்குள் அவருக்கே முகம் சுண்டிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் உன்னிடம் சொல்லலாம் என்று உட்கார்ந்தால், நீ போனை எடுத்ததும் ஓ என்று அழுகிறாய். அங்கே யார் பேசுவதும் புரியவில்லை, யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை, படுத்தால் தூக்கமே வரவில்லை என்று ஒரே புலம்பல். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உன் பின்னாடி நம்ம வீட்டுச் சுவர் தெரியுது பாரும்மா, அதைப் பாத்தாலே போதும், தூங்கிடுவேன்" என்றாய். அதைக் கேட்ட பிறகு எந்த வாயால் சொல்வது? போனை வைத்ததும் உன் அப்பா எழுந்து போய் அந்தச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "சுவர்தானே வேணும் அவளுக்கு, குடுத்துட்டாப் போச்சு" என்றார். ஒரு பெயிண்டரைக் கட்டிக்கொண்டதில் நான் கண்ட பலன் அதுதான்.

காலி செய்வதற்கு முன்னால் கதவுக்குப் பின்பக்கம் நம் சுவரிலிருந்து நகம் அளவுக்கு ஒரு சில்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார். அது புதுசில் நல்ல பச்சையாக இருந்து, வெயில் பட்டுப் பட்டு வெளிறிப்போன பச்சை இல்லையா, டப்பாவில் வருகிற எந்தப் பச்சையும் அதற்குச் சேரவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் கறுப்பு என்று கலந்து அட்டையில் தடவி, காய்ந்த பிறகு வாசல் வெளிச்சத்தில் சில்லைப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்ப்பார். ஊரான் வீட்டுக்கு இவ்வளவு பாடு பட்டிருந்தால் மனிதர் எங்கேயோ போயிருப்பார். ஒருவழியாக நிறம் சேர்ந்தது. புது வீட்டு ஹாலில் போனில் எவ்வளவு தெரியுமோ அந்த அகலத்துக்கு மட்டும் அடித்தார். அதே கடிகாரத்தை அதே உயரத்தில் மாட்டி, அதே திரையை ஓரத்தில் தொங்கவிட்டோம். மற்றபடி ஹால் முழுக்க ரோஸ் நிறம், நடுவில் பாயை விரித்து நிறுத்தின மாதிரி ஒரு பச்சை. பார்க்க வந்த அப்பாவின் கூட்டாளி, "ஏண்ணே, பெயிண்ட் தீந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். கட்டடம் வரைகிற படிப்பு படிக்கிறாய் நீ, சுவர் மாறினது உனக்கே தெரியவில்லை பார் என்று அப்பாவுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

இப்படித்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு காலம் ஓட்டினோம். உன் அத்தைதான் ஒருநாள் கெடுக்கப் பார்த்தாள். இந்த வீடு மாடியில், ஏறி இறங்க அவளுக்கு முடியவில்லை; மாடி ஏறி ஏறி மூச்சு வாங்குது என்று உன்னிடமே சொல்லிவிட்டாள். எந்த மாடி என்று நீ கேட்டாய், டாக்டர் வீட்டு மாடி என்று நான் முந்திக்கொண்டேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தால் கொழுக்கட்டையை வாயில் அடக்கின மாதிரி உட்கார்ந்திருப்பாள், நீயும் அத்தைக்கு என்மேல் என்ன கோபம் என்று கேட்டாய். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை, என் உத்தரவு. என் லேப் வேலைதான் உனக்குத் தெரியுமே, ரத்தம் எடுக்க வருகிறவர்களிடம் எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும், கண்ணை மூடிக்கோங்க என்று நாள் முழுக்கச் சொல்கிற வாய். உன்னிடமும் அதே கணக்கில் சொல்லிவிட்டேன். ஆனால் போன வாரம் நீ, "வந்ததும் என் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு ஒரு வாரம் படுத்துக்கணும்மா" என்றபோது, இங்கே நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இந்த வீட்டில் ஒரு அறை குறைவு. உன் அறை என்று ஒன்று இல்லை. புத்தகம், துணி, நீ ஒட்டிவைத்த படங்கள் எல்லாம் பத்திரமாக அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. என் அறையை அவள் எடுத்துக்கொள்ளட்டும், நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன் என்று அத்தை ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதை நீ வந்து அவளோடு பேசிக்கொள், என்னால் ஆகாது.

இப்போது இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஒரு சுவரை வைத்து ஏமாற்றுகிறவளுக்கு இன்னொருத்தியின் சுவர் தெரியாதா? முதலில் எல்லாம் உன் கட்டில், மேஜை, அட்டையில் செய்த குட்டி வீடு, ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மரம் என்று போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தாய். கூட இருக்கிற பெண்ணையும் கை ஆட்டச் சொன்னாய். கொஞ்ச காலமாக எப்போது கூப்பிட்டாலும் உன் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். குரலும் தாழ்ந்துபோச்சு. பின்னால் ஏதோ சுற்றுகிற சத்தம், மின்விசிறி என்றாய். எங்கள் லேபில் ரத்தம் நிரப்பின குழாய்களைப் போட்டுச் சுற்றுகிற மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பாதி ஆயுள் போயிருக்கிறது, என் காதிலேயே பூ சுற்றுகிறாயே. அன்றைக்கு ஒருத்தர் ஈரத்துணிக் கூடையோடு உன் பின்னால் போனார். நீ துணி துவைக்கிற அறையில் உட்கார்ந்துகொண்டு எங்களோடு பேசுகிறாய். சரிதானே? ஏன் என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணோடு சண்டையா, அறையை விட்டு வந்துவிட்டாயா, பாடம் ஏதாவது போய்விட்டதா, இல்லை அங்கே வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதுதானா. எனக்குத்தான் கற்பனை எப்போதும் நாலு கால் பாய்ச்சலாச்சே. அப்பாவிடம் கேட்டால், "அவளும் நம்மள மாதிரிதான், நாம கலங்கிடுவோம்னு மறைக்கிறா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதனால் ஒன்று சொல்கிறேன் கேள். நீ போய் எதைச் சாதித்தாய் என்று இங்கே யாரும் கேட்கப்போவதில்லை, கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். புரியாத ஊரில் தனியாகப் பேருந்து பிடித்தாய், காய்ச்சலில் உனக்கு நீயே கஞ்சி வைத்துக் குடித்தாய், வகுப்பு முன்னால் நடுங்கிக்கொண்டே எழுந்து நின்று பேசினாய். எனக்கு அதுவே நிறைய. பாடம் போயிருந்தால் போகட்டும், மறுபடி எழுதிக்கொள்ளலாம். சிநேகிதி போயிருந்தால் அது கொஞ்சம் வலிக்கும், வலிக்காது என்று உன்னிடம் இனி சொல்ல மாட்டேன்.

புது விலாசத்தை உறைக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன், பழக்கதோஷத்தில் வண்டிக்காரரிடம் பழையதைச் சொல்லிவிடாதே. பெட்டி கட்டும்போது கனமானதை அடியில் வை. நீ எங்கே இருந்தாலும் மனசு குளிர்ந்து, நல்லபடியாக இருக்க வேண்டும், எங்கள் மூன்று பேரின் ஆசியும் உன்கூட இருக்கிறது. இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிறு மட்டும் மறந்துவிடாதே. அன்றைக்கு நான் அந்தப் பச்சைக்கு முன்னால் உட்காரமாட்டேன். போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ரோஸ் ஹால், மாடிப்படி, உன் பெட்டிகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் காட்டுவேன், நீ வேண்டுமட்டும் என்னைத் திட்டிக்கொள். திட்டி முடித்ததும், நீயும் உன் போனைத் திருப்பு, தங்கம்.

உன்னைத் திட்ட மாட்டாத
உன் அம்மா