விட்டுப்போன மாத்திரை

ராயபுரம், திருப்பூர்
ஆகஸ்ட் 1974

அன்புள்ள சைதுன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முட்டுவலி தேவலையா? நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை வேலை மும்முரத்தில் இரண்டு நாள் போடவில்லை. இங்கே கரண்டு போனால், விட்டுப்போன உற்பத்தியை அடுத்த ஷிப்டில் சேர்த்து ஓட்டுவோம். அந்தப் பழக்கத்தில் மறுநாள் மூன்றையும் சேர்த்து விழுங்கிவிட்டேன். பனியன் மெஷினுக்கு அடியிலிருந்து எழுந்ததும் தலை சுற்றி நூல் மூட்டைமேல் சாய்ந்தேன். அடி ஒன்றும் இல்லை. “ஏனுங்க மெக்கானிக், ஊட்ல படுக்கப் பாய் இல்லீங்களா?” என்று சிரித்தபடி கூட வேலை பார்க்கும் ஆறுச்சாமி டாக்டரிடம் கூட்டிப்போனார்.

“விட்டது போகட்டுமுங்க. அடுத்த வேளைக்கு ஒண்ணே ஒண்ணு போடுங்க. நீங்களா கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். மருந்து உடம்புல கேக்க மூணு வாரமாவது ஆகுமுங்க” என்றார் டாக்டர்.

மூன்று வாரம்! ஒரு மெஷினை அத்தனை நாள் ரிப்பேரில் வைத்தால் முதலாளி என்னைத் துரத்திவிடுவார். இருந்தாலும் போடுகிறேன். மாத்திரையை விட்டுவிடுங்கள் என்று நீ எழுதியதை மட்டும் கேட்கமாட்டேன்.

மாத்திரையால் வாய் வறள்கிறது, நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. இனி எழுதும்போது, மாத்திரை போட்டீர்களா என்று முதல் வரியிலேயே கேள். அறையில் அதைக் கேட்க ஆளில்லை. ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது.

அமானுல்லா